அன்பும் அரவணைப்பும் பேசும் படப்புத்தகம் போடப் போகிறீர்களா? ஓவியருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

வண்ணம் தீட்டி முடித்த பக்கங்களைத் தரையில் விரித்து வைத்து ஒரு குட்டிக் கூட்டத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நூலகத்தில் கதை நேரம், சக்கர நாற்காலியில் வரும் சிறுமியும் மற்ற பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பக்கம் வந்தது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் முந்தின பக்கத்தைக் காட்டச் சொன்னான். நூலக வாசலில் இருந்த படிகளை விரல் வைத்து எண்ணினான், ஐந்து படி. “அவ எப்படி மேல ஏறினா?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் எல்லோரையும் சேர்த்துக்கொள்வது பற்றித்தான் அந்தப் புத்தகமே.

அந்தக் கேள்வியால் இரண்டு காட்சிகளை மறுபடி வரைய வேண்டியதாயிற்று. ஆறு வாரம் போனது, ஓவியருக்குத் தனியாகப் பணம் கொடுத்தேன். அப்புறம் பக்கக் கணக்கில் ஒரு தவறு, ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டை, அச்சில் ஒரு கோளாறு என்று ஓராண்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டேகால் ஆண்டு இழுத்துவிட்டது. இந்த மாதிரிப் புத்தகங்கள் நிறைய வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அதனால், செய்ய வேண்டியவற்றை எந்த வரிசையில் செய்தால் காசும் காலமும் மிச்சமாகும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. கதையில் யார் என்ன செய்கிறார் என்று முதலில் கேளுங்கள்

உங்கள் கைப்பிரதியை எடுத்து அன்பு, கருணை, நட்பு, உதவி, ஒற்றுமை, ‘நாம் எல்லோரும் சமம்’ ஆகிய சொற்களையெல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதைப் படித்தால் கதை இன்னும் நிற்கிறதா? நின்றால் அது படப்புத்தகக் கதை. விழுந்துவிட்டால் உங்களிடம் இருப்பது அறிவுரை, இன்னும் கதையாகவில்லை. என் முதல் பிரதியில் கடைசிப் பக்கத்தில் ஆசிரியை எழுந்து நின்று நான்கு வரி பேசுவார். சத்தமாகப் படித்தபோது அந்த இடத்தில்தான் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

குழந்தைக்குப் புரிவது சின்னச் செயல். புதிதாக வந்தவளுக்காகப் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவது, ஒருவனுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்று பேசுவது, ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தின் விதியை எல்லோரும் ஆடும்படி மாற்றுவது. இப்படி ஒரே ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு புத்தகத்துக்கு அது போதும். நீளம் 500 சொல்லுக்குள் இருக்கட்டும். மூன்று, நான்கு வயதினருக்கு என்றால் 200 சொல்லே தாராளம்.

2. சேர்த்துக்கொள்ளப்படும் குழந்தைக்கு என்ன வேலை?

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம், பெரும்பாலான புத்தகங்கள் சறுக்குவது இங்கேதான். அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் ஓர் உவமை சொன்னார்: புத்தகம் சில பிள்ளைகளுக்குத் தங்களைக் காட்டும் கண்ணாடி, சிலருக்கு அடுத்தவர் உலகைக் காட்டும் ஜன்னல், திறந்து உள்ளே போக முடிந்தால் அது கதவு. உங்கள் கதையை இரண்டு பக்கத்திலிருந்தும் படித்துப் பாருங்கள். பார்வையில்லாத ஒரு குழந்தை வரும் கதையை, பார்வையில்லாத ஒரு குழந்தைக்கே படித்துக் காட்டினால் அவளுக்கு அதில் என்ன கிடைக்கிறது? மற்றவர்கள் நல்லவர்கள் என்று நிரூபிக்க அவளை ஒரு கருவியாக்கியிருந்தால், அவளுக்கு அது கண்ணாடியே இல்லை.

தவிர்க்க வேண்டிய கதை வார்ப்புகள் சில. மற்றவர்கள் பரிதாபப்பட்டு உதவுகிறார்கள், அவள் நன்றி சொல்கிறாள், கதை முடிகிறது. அல்லது, ஒதுக்கப்பட்டவன் ஒருநாள் எல்லோரையும் காப்பாற்றுகிறான், உடனே சேர்த்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ‘நீ பயன்பட்டால்தான் உனக்கு இடம்’ என்பதுதான் பிள்ளையின் மனதில் போய்த் தங்கும். கடைசியில் குறை மாயமாக மறைந்துவிடுகிற கதை, குறை இருப்பதாலேயே அவனுக்கு அதிசய சக்தி வந்துவிடுகிற கதை, இவையும் வேண்டாம். அவளுக்கும் கோபம் வரட்டும், அவளும் ஆட்டத்தில் அழும்பு பண்ணட்டும், கதையில் ஒரு முடிவாவது அவள் எடுக்கட்டும்.

நீங்கள் வாழாத வாழ்க்கையை எழுதுகிறீர்கள் என்றால், அதை வாழ்கிற இரண்டு பேரிடமாவது படிக்கக் கொடுங்கள். அதற்குப் பணம் கொடுங்கள், செலவுப் பட்டியலில் முதல் நாளே எழுதி வையுங்கள், அவர்கள் செய்வது எடிட்டிங் வேலைதான். எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம்: எழுத்து முடிந்ததும் ஒரு முறை, பென்சில் படங்கள் வந்ததும் ஒரு முறை. வண்ணம் தீட்டிய பிறகு கொடுத்தால் அவர்கள் சொல்வதைக் கேட்க உங்களிடம் பணமும் இருக்காது, மனமும் இருக்காது.

3. டம்மி செய்யாமல் ஓவியரைத் தேடாதீர்கள்

டம்மி என்பது கையால் செய்த மாதிரிப் புத்தகம். எட்டு வெள்ளைத் தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள், 32 பக்கம் கிடைக்கும். படப்புத்தகத்தின் வழக்கமான அளவு இதுதான். 1-ஆம் பக்கம் தலைப்பு, 2-உம் 3-உம் பதிப்பு விவரத்துக்கும் சமர்ப்பணத்துக்கும். 4-5இல் தொடங்கி 30-31 வரை 14 இரட்டைப்பக்கங்கள் கதைக்கு, 32-ஆம் பக்கம் ஒரு சின்ன முத்தாய்ப்புக்கு. வரிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுங்கள். படத்துக்குக் குச்சி மனிதர்கள் போதும்.

டம்மியைப் புரட்டும்போதுதான் பலது தெரியும். வலப்பக்கத்தில் ஒரு கேள்வியோ பதற்றமோ இருந்தால்தான் குழந்தை பக்கத்தைத் திருப்பச் சொல்லும். படமே சொல்லிவிடுகிற வரியை எடுத்துவிடலாம். பிற்பாடு நான் டம்மி செய்தபோது ‘அவள் சோகமாக இருந்தாள்’ போன்ற ஒன்பது வரிகள் போயின.

முதலில் நான் டம்மி செய்யாமலே 26 பக்கத்துக்குப் படம் வரைய வைத்தேன். அச்சகத்தில் கொண்டு போய்க் கொடுத்தபோதுதான், சென்டர் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும், ஃபாரம் (ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) கணக்கில் எட்டின் அல்லது பதினாறின் மடங்காக இருந்தால்தான் தாள் வீணாகாது என்று சொன்னார்கள். 24-க்கு வெட்டினால் ஒரு காட்சி போகும், 32-க்கு நீட்டினால் மூன்று காட்சி புதிதாக வரைய வேண்டும். நீட்டினேன்.

4. பதிப்பகமா, சொந்தப் பதிப்பா?

பதிப்பகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் ஓவியரைத் தேடும் வேலை உங்களுடையதல்ல. பெரும்பாலும் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், நீங்கள் படத்தோடு அனுப்பினால் அது சாதகமாகவும் இருக்காது. கைப்பிரதி, ஒரு பத்திச் சுருக்கம், எந்த வயதுக்கு என்ற குறிப்பு, உங்களைப் பற்றி நான்கு வரி, இவ்வளவு போதும். பதில் வர மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும், வராமலும் போகலாம். ராயல்டி (விற்பனையில் கிடைக்கும் பங்கு) எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் பிரியும் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

‘தேர்வாகிவிட்டது, இவ்வளவு கட்டினால் வெளியிடுகிறோம்’ என்று கடிதம் வந்தால் அது உங்களிடம் காசு வாங்கி அச்சடித்துத் தருகிற சேவை. அதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அச்சகத்தில் நேரடியாகக் கேட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட வேண்டாம். கீழே உள்ள படிகள் முக்கியமாகச் சொந்தமாகப் போடுகிறவர்களுக்கு.

5. ஓவியரோடு எழுத்தில் ஒப்பந்தம்

நானும் ஓவியரும் நல்ல நண்பர்கள், வாட்ஸ்அப்பில் பேசி முடித்துக்கொண்டோம். புத்தகம் வந்த பிறகு இன்னொரு மொழியில் போட ஒருவர் கேட்டார். படங்களை வேறு மொழிப் பதிப்புக்குத் தர எனக்கு உரிமை இருக்கிறதா என்று அவர் கேட்டபோது எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. பேசித் தீர்க்க நான்கு மாதம் ஆனது, அதற்குள் கேட்டவர் வேறு புத்தகத்துக்குப் போய்விட்டார்.

பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் ஒரு படத்தை வரைந்தவுடனே அதற்குப் பதிப்புரிமை வந்துவிடும், பதிவு செய்திருக்க வேண்டும் என்று இல்லை. காசு கொடுத்துவிட்டதாலேயே படம் உங்களுடையதாகிவிடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்க ஒப்பந்தம் போதும், அதில் இவை இருக்கட்டும்:

- எத்தனை இரட்டைப்பக்கம், அட்டை உட்பட எத்தனை தனிப்படம், என்ன அளவு
- பென்சிலில் எத்தனை முறை திருத்தம், வண்ணத்தில் எத்தனை முறை, அதற்கு மேல் போனால் என்ன தொகை
- பணம் எத்தனை தவணை (கையெழுத்தின்போது, பென்சில் முடிந்ததும், எல்லாம் முடிந்ததும் என மூன்றாகப் பிரிப்பது இருவருக்கும் நல்லது)
- அச்சு, மின்னூல், ஒலி, மொழிபெயர்ப்பு, பொம்மை, சட்டை என ஒவ்வொன்றுக்கும் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டு
- மூலப் படங்கள் யாரிடம் இருக்கும், அட்டையில் ஓவியரின் பெயர் எங்கே வரும்
- பாதியில் நின்றால் அதுவரை செய்த வேலைக்கு எவ்வளவு

ஓவியரின் பெயரை உள்ளே பொடி எழுத்தில் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. படப்புத்தகத்தில் கதையின் பாதி அவருடையது, அட்டையில் உங்கள் பெயருக்குச் சமமாக வரட்டும்.

6. பென்சில் நிலையிலேயே எல்லாத் திருத்தமும்

இப்போது அந்த ஐந்து படிகளுக்கு வருகிறேன். முதலில், படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் வரைந்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். ஓவியர் வரைந்தும் கொடுத்தார். சக்கர நாற்காலியில் நடமாடும் தோழி ஒருவரிடம் காட்டினேன். “இதில் ஏறினால் பின்னால் கவிழ்ந்துவிடுவேன்” என்றார். சாய்தளத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு 12-க்கு 1, அதாவது ஒரு அடி உயர வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒரு படி 15 செ.மீ. என்று வைத்தால் ஐந்து படிக்கு 75 செ.மீ., அதற்கு 9 மீட்டர் சாய்தளம். எங்கள் படத்தில் இருந்தது சறுக்குமரம். கடைசியில் கதையையே மாற்றினோம். பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போகவில்லை, கதை நேரத்தை முற்றத்து மரத்தடிக்கு இறக்கிக் கொண்டுவந்தார்கள். அப்படிக் கேட்பதும் அந்தச் சிறுமியேதான். பையனின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படிப் பொருள்களை அருகில் போய்ப் பாருங்கள். தானே உருட்டிச் செல்பவர்கள் வைத்திருக்கும் நாற்காலிக்கு முதுகுப்பக்கம் தாழ்வாக இருக்கும், சக்கரத்தில் கைவளையம் இருக்கும். மருத்துவமனை நாற்காலியை வரைந்தால் அவள் நோயாளி ஆகிவிடுவாள். காதுக்கருவி ஹெட்போன் மாதிரி இருக்காது. பெரும்பாலும் காதுக்குப் பின்னால் உட்காரும், மெல்லிய குழாய் ஒன்று காதுக்குள் போகும். அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் கருவி என்றால் தலையில் ஒட்டிய வட்டமும் தெரிய வேண்டும். சைகை மொழி நாட்டுக்கு நாடு வேறு, கையின் கோணத்தோடு முகபாவமும் சேர்ந்துதான் பொருள் தரும். அந்த மொழியைப் பேசுகிற ஒருவர் பார்க்காமல் எந்தக் கையையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

கூட்டமாக வரும் காட்சிகளுக்கு ஒரு பட்டியல் போட்டு ஓவியரிடம் கொடுங்கள்: எந்தப் பக்கத்தில் யார் யார், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள். கடைசிக் குழுப்படத்தில் மட்டும் ஓரமாக ஊன்றுகோலோடு ஒரு பிள்ளை நிற்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். தோல் நிறத்தை மட்டும் மாற்றி எல்லோருக்கும் ஒரே மூக்கு, ஒரே முடி போடுவதும் அப்படித்தான். தாத்தா பாட்டிகள், கண்ணாடி போட்டவர்கள், பருமனான பிள்ளைகள், தாய் மட்டும் உள்ள வீடு, இவர்கள் கதையின் காரணமாக இல்லாமல் சும்மா பின்னணியில் வாழ்ந்துகொண்டிருந்தால்தான் அது ஊர்.

முக்கியமான முகத்தையோ கையையோ நடு மடிப்பில் வைக்காதீர்கள், பைண்டிங் விழுங்கிவிடும்.

7. எழுத்துரு

எந்தக் கணினியிலும் ஒன்றுபோல் வரும் எழுத்துக் குறியீடான யூனிகோடில் மட்டும் வேலை செய்யுங்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அல்லது மாற்றியதை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஓர் இடத்திலும் கால் ஓர் இடத்திலும் போய் நிற்கும். கொ, கோ, கௌ வரும் சொற்களை இறுதிக் கோப்பில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுத்துருவின் உரிமம் அச்சுக்கும் மின்னூலுக்கும் சேர்த்துத்தானா என்பதையும் கேளுங்கள்.

எழுத்து பெரிதாக, படத்தின் நெரிசலான பகுதியில் விழாமல், சுத்தக் கறுப்பில், தனி அடுக்கில் இருக்கட்டும். பார்வை மங்கிய பிள்ளைகளும் படிக்கலாம். பணத்திலும் ஒரு லாபம் உண்டு: பின்னால் வேறு மொழியில் அச்சிட்டால் நான்கு மைகளுக்கான நான்கு அச்சுத் தகடுகளில் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். படத்துக்குள்ளே ஓவியர் கையால் எழுதிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

8. ஐஎஸ்பிஎன்னும் மற்ற காகிதங்களும்

பென்சில் படங்கள் முடிந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள். ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு புத்தகப் பதிப்பையும் அடையாளம் காட்டும் 13 இலக்க எண். உங்கள் நாட்டில் அதற்கென்று உள்ள முகமையிடம் வாங்க வேண்டும், சில நாடுகளில் இலவசம், சிலவற்றில் கட்டணம். பொதுவாக அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தலைப்புப் பக்கத்தின் மாதிரி கேட்பார்கள். கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு ஓர் எண், மின்னூலுக்கு ஓர் எண், மொழிபெயர்ப்புக்கு வேறு எண். மாற்றமே இல்லாமல் மறுஅச்சு போட்டால் பழைய எண்ணே போதும். இன்னொருவர் தன்னிடம் மிச்சமிருக்கும் எண்ணைத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், பதிவேட்டில் பதிப்பாளராக அவர் பெயர்தான் வரும்.

பார்கோடு வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். அட்டை நிறத்துக்குப் பொருந்துகிறது என்று சிவப்பில் போட்டால் கடையில் ஸ்கேனர் படிக்காது. பல நாடுகளில் தேசிய நூலகத்துக்குப் புத்தகப் படிகள் அனுப்புவது சட்டப்படி கட்டாயம், அவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான போர்டு புக் (கெட்டி அட்டைப் பக்கங்கள் கொண்டது), ஒட்டுத்துணி, பொம்மை சேர்ந்த புத்தகம் என்றால் விளையாட்டுப் பொருள் பாதுகாப்புச் சோதனை தேவைப்படலாம், விலை பேசும் முன் அச்சகத்திடம் கேளுங்கள்.

9. அச்சு, அதன் செலவு

மூன்று அச்சகங்களில் விலை கேளுங்கள், மூன்றுக்கும் ஒரே தாளில் ஒரே விவரத்தை எழுதிக் கொடுங்கள்: அளவு, பக்கம், உள்தாளின் வகையும் ஜிஎஸ்எம்மும் (தாளின் எடை அளவு), ரேப்பர் (மேலட்டை) தாள், லேமினேஷன், பைண்டிங், எத்தனை படி, கொண்டுவந்து சேர்க்கும் கூலி. இல்லாவிட்டால் விலைகளை ஒப்பிடவே முடியாது. தகடு செய்து அச்சடிக்கும் ஆஃப்செட்டில் தகட்டுச் செலவு எத்தனை படி போட்டாலும் ஒன்றுதான், அதனால் படி கூடக்கூட ஒன்றின் விலை இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பலர் கட்டுக் கட்டாக வீட்டில் அடுக்கி வைக்கிறார்கள். முதல் புத்தகத்துக்கு டிஜிட்டலில் 200, 300 படி போட்டுப் பார்ப்பது நல்லது.

படங்கள் அச்சிடும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), சிஎம்ஒய்கே நிறம் (அச்சின் நான்கு மைகள்), சுற்றிலும் குறைந்தது 3 மி.மீ. பிளீட் (வெட்டுக்கு வெளியே நீளும் படம்). இதெல்லாம் எந்த அச்சகமும் சொல்லிவிடும். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. கறுத்த முகங்கள் திரையில் அழகாக ஒளிரும், அச்சில் மை தாளுக்குள் இறங்கி இருண்டுவிடும், மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் இன்னும் அதிகம். என் முதல் அச்சில் நாயகியின் புருவமும் உதட்டுக் கோடும் காணாமல் போயின. அவள் சிரிக்கிற பக்கத்தில் சிரிப்பே இல்லை. அதனால் புரூஃப் (மாதிரி அச்சு) கேட்கும்போது உங்கள் புத்தகத்தில் மிக இருட்டான பக்கத்தை, அச்சாகப் போகிற அதே தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் கேட்டாலும் கொடுங்கள்.

விலை வைக்கும்போது விற்பனையாளர் கழிவு பாதி வரைக்கும் போகலாம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அதில் ஓவியர் பங்கு, வாசித்துச் சொன்னவர்களின் தொகை, இலவசப் படிகள், தபால் எல்லாம் வர வேண்டும்.

10. அச்சைப் படிக்க முடியாத பிள்ளைகளுக்கும்

புத்தகம் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பார்வையில்லாத குழந்தைக்கு எட்டாமல் இருந்தால் எனக்கு உறுத்தும். ஒலிப்பதிவு செய்வது எளிது, படத்தில் இருப்பதையும் ஓரிரு வரியில் சொல்லிவிடுங்கள். மின்னூலில் ஒவ்வொரு படத்துக்கும் விளக்க வரி சேர்க்கச் சொல்லுங்கள், எழுதுவது நீங்களாக இருங்கள். 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கைப்படி, அதில் சேர்ந்த நாடுகளில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலே பிரெய்ல் போன்ற வடிவங்களைச் செய்யலாம். அவர்கள் கேட்டு வரும்போது கொடுக்க, யூனிகோடில் சுத்தமான எழுத்துக் கோப்பு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். ஐபிபிஒய் என்ற பன்னாட்டு இளையோர் நூல் அமைப்பு, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான சிறந்த புத்தகங்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறது. உங்கள் நாட்டில் அதன் கிளை இருந்தால் விசாரியுங்கள்.

11. எத்தனை மாதம்?

எழுத்தும் டம்மியும் மூன்று மாதம். ஒப்பந்தம் ஒரு மாதம். பென்சில் இரண்டு மாதம், அதைப் படிக்கக் கொடுத்துத் திருத்த ஒரு மாதம், இந்த ஒரு மாதத்தை எந்தக் காரணத்துக்காகவும் சுருக்காதீர்கள். வண்ணம் நான்கு மாதம். வடிவமைப்பும் மெய்ப்பும் ஒரு மாதம், அச்சு ஒன்றரை மாதம். ஆக, பதின்மூன்றரை மாதம். அச்சகங்களுக்கு வேலை குவிகிற பருவம் எது என்று முன்பே கேட்டு, அதில் போய் மாட்டிக்கொள்ளாமல் தேதி வாங்குங்கள். வெளியீட்டு விழா வைப்பதாக இருந்தால், கட்டுப் பிரித்து நாலைந்து படிகளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த பிறகு அழைப்பிதழ் அனுப்புங்கள். என் முதல் விழாவுக்கு வந்த பிள்ளைகளிடம் காட்ட என்னிடம் டம்மிதான் இருந்தது.